காலுறையும் நேர்த்திக்கடனும்

வெறுங்காலோடு பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்ட ஒருவர் வழியில் காலுறை அணிந்தால் அந்த வேண்டுதல் கெடுமா என்பது முதலில் சிறிய கேள்வியாகவே தோன்றும். ஆனால் நோன்பில் இறைவனுக்குக் கொடுக்கப்படுவது எது, உடலின் வலியா, மனத்தின் பணிவா, வழியில் வைக்கும் கவனமா என்ற பழைய கேள்வி அதற்குள் இருக்கிறது. விடை தேடுவதற்குச் சமய நூல்கள் மட்டும் போதா. காலுறை எப்படிப் பின்னப்படுகிறது, எதனால் நழுவுகிறது, பாதத்துக்கு எப்போது துணை செய்கிறது, எப்போது கேடு செய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் நடக்கும் வழியைப் பார்ப்போம். திண்டுக்கல் மாவட்டத்தின் தொப்பம்பட்டி பழனிக்கு வடக்கே, தாராபுரம் செல்லும் சாலையில் இருக்கிறது. தொப்பம்பட்டி ஒன்றியத்தின் வடக்கு எல்லையைத் தாண்டினால் திருப்பூர் மாவட்டம். சுற்றிலும் வறண்ட சமவெளி. சாலையோரம் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் கிடக்கும். பழனிக்கு நடந்து வருபவர்கள் இரண்டு பருவங்களில் பெருகுகிறார்கள். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடிகளோடு வருகிறார்கள். பல நூறு ஆண்டுகளாகத் தொடரும் நடை அது. எடப்பாடியிலிருந்து வரும் பக்தர்கள் மலைமேல் ஓர் இரவு தங்கும் உரிமை பெற்றவர்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு நாட்டார் கொடுமுடியில் காவிரி நீர் எடுத்து, தீர்த்தக் காவடியாகச் சுமந்து, 80 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து வருகிறார்கள். தையில் பனியும் குளிர்ந்த தரையும் இருக்கும். பங்குனியில் நண்பகல் தார்ச்சாலை 60 பாகை செல்சியசைத் தொடக்கூடும். அந்தச் சூட்டில் தோல் ஐந்தாறு விநாடிகளில் வெந்துவிடும் என்பது 1940களிலேயே ஆய்வில் அறியப்பட்டது. எனவே ஒரே வேண்டுதல் இரண்டு பருவங்களிலும் ஒரே அளவு சுமையாக இருப்பதில்லை.

தமிழ்ச் சமய வழக்கில் செருப்பை விலக்குவதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் முக்கியமானது தோல். இறந்த விலங்கின் தோல் தூய்மைக்கு ஆகாது என்ற எண்ணம் அது. காலைப் பாதுகாப்பதே குற்றம் என்று அந்த வழக்கு சொல்லவில்லை. முனிவர்கள் மரத்தால் ஆன பாதக்குறடு அணிந்தார்கள். இராமனுடைய பாதுகைகளே அரியணையில் வைத்து வணங்கப்பட்டன. பெரியபுராணத்துக் கண்ணப்பர் தோல்செருப்பு அணிந்த காலையே இறைவன் திருக்கண்ணில் ஊன்றித் தம் இரண்டாவது கண்ணையும் தோண்டத் துணிந்தார். அந்தச் செருப்பை அங்கே இறைவன் குறையாகக் கொள்ளவில்லை. பருத்தியும் செயற்கை இழையும் கொண்ட காலுறையில் தோல் கிடையாது. தூய்மை ஒன்றையே அளவாகக் கொண்டால் கேள்வி இங்கேயே முடிந்துவிடும்.

முடியாததற்குக் காரணம், செருப்பைக் கழற்றுவதில் தூய்மையை விடப் பெரிய பொருள் ஒன்று இருப்பதுதான். செருப்பு நெடுங்காலம் தகுதியின் அடையாளமாக இருந்தது. தமிழகத்தின் பல ஊர்களில் ஆதிக்கச் சாதியினர் வாழும் தெருக்களில் தலித் மக்கள் செருப்பு அணியக்கூடாது என்ற கொடிய தடை, சுதந்திரத்துக்குப் பின்னும் பல காலம் நீடித்தது. அந்த மக்களின் வெறுங்கால் நோன்பு ஆகாது; அது அவர்கள்மேல் சுமத்தப்பட்ட இழிவு. தனக்கு உரிமையான ஒன்றைத் தானே விரும்பி விடும்போதுதான் அது நோன்பாகிறது. பழனிச் சாலையில் நிலக்கிழாரும் கூலியாளும் ஒரே தரையில் ஒரே கோலத்தில் நடக்கிறார்கள் என்றால், நிலக்கிழார் தன் அடையாளத்தைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று பொருள். வெறுங்கால் நடையின் மிகச் சிறந்த விளக்கம் இதுவே. இந்த விளக்கத்தின்படி பார்த்தாலும் காலுறை தடையாகாது. சாக்ஸ் மட்டும் அணிந்து தார்ச்சாலையில் நடப்பவரை எவரும் பெருமைக்காரர் என்று நினைக்கப் போவதில்லை.

இனி மிஞ்சுவது வலி. வலி குறைந்தால் நோன்பும் குறையும் என்று நம்புபவர்கள் உண்டு. அலகு குத்துவதையும் தீ மிதிப்பதையும் அவர்கள் சான்று காட்டுவார்கள். அந்த நம்பிக்கையை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் தமிழ் மரபு வலியை எங்கே வைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். திருக்குறளின் தவம் என்ற அதிகாரம் தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பதையும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையையும் சேர்த்தே தவத்தின் வடிவமாகச் சொல்கிறது. பரிமேலழகர் உரையில் அந்தத் துன்பம் உணவைக் குறைத்தல் முதலிய ஒழுக்கங்களால் வருவது. ஒழுக்கத்தின் வழியில் வலி வருகிறது, அதைப் பொறுக்கிறார்கள். வலியைத் தேடி ஒழுக்கத்தை அமைப்பதில்லை. திருமூலர் உடம்பை இழிவென்று கருதிய நிலையைக் கடந்து, இறைவன் அதற்குள் குடியிருப்பதைக் கண்டு அதைப் பேணியதாகச் சொல்கிறார்.

அப்பரின் கயிலைப் பயணம் இதற்கு எதிரான சான்றாகத் தோன்றலாம். பாதம் தேய்ந்ததும் கையால் ஊர்ந்து, கையும் தேய்ந்ததும் மார்பால் ஊர்ந்து அவர் சென்றதாகச் சேக்கிழார் பாடுகிறார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பச் சொன்னபோதும் அவர் மறுத்தார். ஆனால் அவர் கயிலைக்கு ஊர்ந்தே போய்ச் சேரவில்லை. இறைவன் அவரை நலம்பெற்ற உடலோடு எழச் செய்து, ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் கயிலைக் காட்சியைக் கொடுத்தான். உறுதி ஏற்கப்பட்டது, உடல் அழிவது ஏற்கப்படவில்லை.

பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலையும் இந்தப் பேச்சுக்கு உரிய இடம். அங்கே சமண தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870ஐக் குறிக்கும் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டும் உள்ளது. சமண முனிவர்கள் இன்றும் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். காலடியில் சிற்றுயிர் நசுங்கக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணங்களில் ஒன்று. நடப்பவரின் வலியை விட மிதிபடும் உயிரின் வலியே அங்கே பெரிது.

வலியைப் பற்றிப் பேசுவதால், பாதத்தில் கொப்புளம் வருவது எப்படி என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து தோல் தேய்வதால் கொப்புளம் வருகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் தோலின் மேற்பரப்பு துணியோடோ தரையோடோ ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் அசைகிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள தோலடுக்குகள் ஒவ்வோர் அடியிலும் இழுபட்டு, கடைசியில் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. வியர்வையில் நசநசத்த தோலில் உராய்வு கூடுவதால் இது விரைவில் நிகழும். எனவே நல்ல காலுறைக்கு இரண்டு கடமைகள் உண்டு: ஈரத்தைத் தோலிலிருந்து அகற்றுவது, இழுவிசை தோலுக்குள் நிகழாமல் துணியின் அடுக்குகளுக்குள்ளேயே நிகழச் செய்வது. பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே ஏற்கும்; கம்பளி 16 விழுக்காடு வரை; பாலியெஸ்டர் அரை விழுக்காடு கூட ஏற்பதில்லை. நனைந்த பருத்தி கனத்து, தளர்ந்து, சுருண்டு கிடக்கும். நெடுநடைக்குத் தனிப் பருத்திச் சாக்ஸ் உதவாது என்று நடைப்பயணிகள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

நழுவுதல் தனிச் சிக்கல். பாதம் குழாய் போல நேரானது அல்ல. குதிகாலில் செங்கோணமாகத் திரும்புகிறது. நேர்க்குழாயாகப் பின்னிய துணி அங்கே தங்காது. அதனால் காலுறை எந்திரம் குதிகால் வரும்போது முழுச்சுற்று சுற்றாமல் பாதிச்சுற்றில் முன்னும் பின்னும் ஓடி, ஒரு பை போன்ற குழிவைப் பின்னுகிறது. அந்தக் குழிவு அணிபவரின் குதிகாலுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால், எவ்வளவு நல்ல நூலாக இருந்தாலும் காலுறை ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். எல்லா அளவுக்கும் ஒன்றே என்று விற்கும் சாக்ஸ் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். குதிகாலுக்கு அடுத்தபடியாகப் பாத வளைவைச் சுற்றிப் பிடிக்கும் ரிப் பட்டை, கணுக்காலுக்கு மேல் அகலமாகப் பிடிக்கும் வாய்ப்பகுதி, விரல்நுனியில் தடித்த தையல் இல்லாத முடிப்பு, அடிப்பாதத்தில் வளைய நூல் கொண்ட டெர்ரி ஆகியவை வேண்டும். வாய்ப்பகுதி எலாஸ்டிக்கை மட்டும் இறுக்கி நழுவுதலைத் தடுக்க முயல்வது தவறான வழி. அது காலில் தடம் பதித்து இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உலகின் முதல் பின்னல் எந்திரமே காலுறைக்காகத்தான் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் 1589இல் அதைச் செய்த வில்லியம் லீ ஒரு கிறித்தவக் குருவானவர். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் முழுவதும் அந்த எந்திரத்தின் வழிவந்தது.

காலுறைக்குச் சொன்ன இறுக்கமும் தளர்வும் பற்றிய பேச்சு, துறவியர் ஒழுக்கத்தைச் சொல்லும் பௌத்த விநய நூலில், அதுவும் காலணி பற்றிய அதிகாரத்திலேயே வருகிறது. சோணன் என்பவன் சம்பா நகரத்துச் செல்வர் மகன். மென்மையான பாதம் உடையவன். துறவு பூண்டபின் இராசகிருகத்துக்கு அருகே நடைத்தியானம் செய்தான். அளவுக்கு மிஞ்சி நடந்ததால் பாதம் கிழிந்து பாதையெல்லாம் இரத்தமாயிற்று. பயன் கிடைக்காத ஏக்கத்தில் துறவை விட்டுவிடலாமா என்று அவன் எண்ணியபோது புத்தர் வந்தார். அவன் முன்பு வீணை வாசிப்பதில் வல்லவன் என்பதால், நரம்பு மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை வராது என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். முயற்சியும் அப்படித்தான் என்றார். பிறகு அவன் ஒற்றை அடித்தோல் கொண்ட செருப்பு அணியலாம் என்று அனுமதித்தார். தனக்கு மட்டும் இந்தச் சலுகை வேண்டாம், சங்கத்தார் எல்லோருக்கும் தந்தால் தானும் ஏற்பேன் என்றான் சோணன். புத்தர் எல்லோருக்கும் அனுமதி கொடுத்தார். பாதக் காப்பு அங்கே உடற்சுகத்துக்காகத் தரப்படவில்லை. தவம் தொடர வேண்டும் என்பதற்காகத் தரப்பட்டது. சோணனின் மறுப்பும் பொருள் நிறைந்தது: ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை பணிவைக் கெடுக்கும், எல்லோருக்கும் பொதுவான விதி கெடுக்காது.

காலுறை நழுவாமல் நிற்க வேண்டும் என்பதையே சமயச் சட்டமாக ஆராய்ந்தவர்கள் இசுலாமிய அறிஞர்கள். தொழுகைக்கு முன் ஒளூ என்ற கழுவுதலைச் செய்யும்போது பாதத்தைக் கழுவுவதற்குப் பதிலாக, முன்பே தூய்மையோடு அணிந்த தோல் காலுறையின் மேல் ஈரக்கையால் தடவினால் போதும் என்ற சலுகை உண்டு. ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் இரவும், பயணிக்கு மூன்று பகலும் இரவும் அது செல்லும். துணிக் காலுறைக்கும் அந்தச் சலுகை உண்டா என்ற கேள்வி எழுந்தபோது, அனஃபி என்ற சட்டப்பிரிவின் அறிஞர்கள் சில நிபந்தனைகள் விதித்தார்கள். கட்டாமலேயே தானாகக் காலில் நிற்க வேண்டும். அதை மட்டும் அணிந்து ஏறத்தாழ மூன்று மைல் நடந்தாலும் கிழியக்கூடாது. நீர் உடனே உள்ளே இறங்கக்கூடாது. கிழிசல் மூன்று சிறுவிரல் அளவை எட்டினால் சலுகை போய்விடும். திண்டுக்கல், பழனி வட்டாரத்து இராவுத்தர் முஸ்லிம்கள் பின்பற்றுவது இந்த அனஃபி மரபே. இன்றைய தரச் சோதனைக் கூடம் ஒரு காலுறையில் பார்க்கும் பிடிப்பு, உழைப்பு ஆகியவற்றோடு நீர் புகாமையையும் அவர்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே வரையறுத்துவிட்டார்கள். அதே சட்டம் ஹஜ்ஜின்போது இஹ்ராம் உடையில் இருக்கும் ஆண்களுக்குக் கணுக்காலை மூடும் காலுறையைத் தடுக்கிறது. பெண்களுக்குத் தடை இல்லை. ஒரே பொருள் ஓரிடத்தில் சலுகைக்கு உரியது, வேறோரிடத்தில் விலக்கு. காலுறை செருப்பா, துணியா என்று பொருளை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது என்பதை இந்தச் சட்டம் தெளிவாக்குகிறது. விதி எதைக் காக்க வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

வலியின் இடத்தை மருத்துவத்தால் விளக்கியவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு அறுவை மருத்துவம் செய்தவர். தொழுநோய் சதையைத் தின்று விரல்களை உதிர்க்கிறது என்று அக்காலத்தில் மருத்துவர்களும் நம்பினார்கள். நோய் அழிப்பது உணர்ச்சி நரம்பை. புண் வருவது வலி தெரியாமல் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் சிறு அழுத்தங்களால் என்று பிராண்ட் காட்டினார். நல்ல கால் உடையவர் நெடுந்தொலைவு நடந்தால் தமக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொள்கிறார்: குதிகால் நொந்தால் எடை முன்னே போகிறது, முன்பாதம் நொந்தால் ஓரத்துக்குப் போகிறது. உணர்ச்சியற்ற கால் முதல் அடியை வைத்தது போலவே கடைசி அடியையும் வைக்கும். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பின், அழுத்தம் விழும் இடத்தில் நுண்ணிய சாயக் குமிழிகள் உடைந்து நிறம் காட்டும் காலுறைகளை அவரும் உடனிருந்தவர்களும் பயன்படுத்தினார்கள். செயற்கையாக வலியை உண்டாக்கும் கருவியையும் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். எச்சரிக்கை ஒலியை நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சியைத் தாங்களே நிறுத்திவிட்டார்கள். நாமாக அணைக்க முடியாததால்தான் வலி நம்மைக் காக்கிறது என்று பிராண்ட் கண்டார். ஆழ்ந்த கிறித்தவரான அவருக்கு வலி இறைவன் மனிதனுக்குக் கொடுத்த கொடை.

கொடுக்கும் திசை இங்கே மாறிவிடுவதைக் கவனிக்க வேண்டும். வலி மனிதனுக்குத் தரப்பட்டது என்றால், அதையே காணிக்கையாகத் திருப்பிச் செலுத்துவதை விட, அது சொல்வதைக் கேட்டு நடப்பதே பொருத்தம். வலிதான் நோன்பின் அளவு என்று கொண்டால் இன்னொரு சிக்கலும் எழும். இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறுகிறது, தமிழகத்தின் நிலை அதைவிட மோசம். நெடுநாள் நீரிழிவு பாத நரம்புகளை மழுங்கச் செய்யும். அத்தகையவர் பங்குனி வெயிலில் வெறுங்காலோடு நடந்தால் வலி தெரியாது, ஆனால் பாதம் வேகும். வலியே காணிக்கை என்றால் அவர் எதையும் கொடுக்கவில்லை என்றாகும். காலையே இழக்கக்கூடியவரைப் பார்த்து அப்படிச் சொல்ல எந்தச் சமயமும் துணியாது.

ஆனாலும் வாக்கு வாக்குதான். குழந்தையின் நோய் தீர்ந்தால் வெறுங்காலோடு வருவேன் என்று சொன்னவர், நோய் தீர்ந்தபின் தம் வசதிக்கு ஏற்பச் சொல்லைத் திருப்பக்கூடாது. வேண்டியபோது மனத்தில் என்ன இருந்தது என்பதே இங்கே அளவு. செருப்பில்லாமல் என்று வேண்டியவருக்குக் காலுறை தடையில்லை. ஒன்றும் அணியாமல் என்று தெளிந்து வேண்டியவருக்குத் தடைதான். அவரும் கைவிடப்பட்டவர் அல்லர். இயலாமற்போன வேண்டுதலுக்காக மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைக்கவும், குலதெய்வத்தின் முன் பூ வாக்குக் கேட்டு வேண்டுதலை மாற்றிக்கொள்ளவும் கொங்கு நாட்டில் வழி உண்டு. கொப்புளத்துக்கு மருந்து போட்டுத் துணி சுற்றிக்கொண்டு நடப்பவரின் நோன்பு கெட்டது என்று எவரும் சொன்னதில்லை. சுற்றிய துணிக்கும் பின்னிய துணிக்கும் இடையே சமயம் சார்ந்த வேறுபாடு எதுவும் இல்லை.

காலுறை அணிந்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. மெல்லிய துணி தார்ச்சூட்டைச் சிறிது தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. நண்பகலில் பந்தலில் இளைப்பாறி, இரவிலும் விடியலிலும் நடக்கும் பழைய வழக்கமே அதற்கு மருந்து. கருவேல முள்ளைக் காலுறை நிறுத்தாது. பொருந்தாத காலுறை வெறுங்காலை விடக் கெடுதி: விரலடியில் சுருண்ட மடிப்பு ஒரே இடத்தில் ஓயாமல் தேய்க்கும், நடப்பவரின் நினைவு முருகனை விட்டுக் கணுக்காலுக்கு இறங்கிவிடும். நழுவாமை என்பது பின்னலாளரின் தொழில்நுட்பக் கேள்வியாக நிற்காமல் வழிபாட்டைத் தொடும் இடம் இதுதான்.

திருப்பூரில் பின்னுபவர்கள் பழனி நடைக்கென்றே ஒரு காலுறையைச் செய்து தர வேண்டும். தோல் எதுவும் சேராமல், குதிகால் பல அளவுகளில், விரலில் தையல் இல்லாமல், வாய்ப்பகுதி அகலமாகவும் மென்மையாகவும், கல்படியில் வழுக்காதபடி அடியில் ரப்பர்ப் புள்ளிகளோடு, கசியும் இரத்தம் உடனே கண்ணில் படும்படி வெள்ளை நிறத்தில் அது இருக்கட்டும். ஈரமானதும் மாற்ற இன்னொரு சோடி பையில் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அதுவும் போதாது. வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அவர்கள் செருப்பு அணிந்தே பழனி அடிவாரம்வரை நடந்து, அங்கே கழற்றிக் காலுறையோடு படியேறி, சந்நிதிக்கு முன் அதையும் கழற்றிவிட்டு வணங்கலாம்.